பெயின்டில் கீறல் விழாமல் வீட்டிலேயே கார் கழுவ: பட்டுத் தெரிந்துகொண்டவை

கார் வாங்கி ஏழாவது மாதம். ஒருநாள் இரவு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். பங்கின் வெள்ளை விளக்கு பானெட்டில் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல வட்டவட்டமாக நூலிழைக் கோடுகள். தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. கையால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. மறுநாள் காலை நிழலில் பார்த்தேன், வண்டி பளிச்சென்று இருந்தது. மதியம் வெயிலில் பார்த்தேன், வலை திரும்ப வந்துவிட்டது.

யாரும் இடிக்கவில்லை, எங்கும் உரசவில்லை. தினமும் காலையில் ஆள் வைத்துத் துடைத்ததுதான் காரணம். மாதம் 600 ரூபாய் கொடுத்து நானே போடச்சொன்ன கீறல்கள். பாலிஷ் போட்டு எடுக்க, வண்டியை மெருகேற்றும் டீட்டெய்லிங் கடையில் 8,000 ரூபாய் கேட்டார்கள். அதைவிட வயிற்றைக் கலக்கியது, அந்தக் கடைக்காரர் சொன்ன கணக்கு. கம்பெனி பெயின்டின் மொத்தக் கனமே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70. ஒவ்வொரு பாலிஷும் அந்தக் கிளியர் கோட்டில் இருந்து சில மைக்ரானைச் சீவித்தான் கீறலை மறைக்கிறது. வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்து நான்கைந்து தடவைக்கு மேல் சீவ முடியாது.

அன்றிலிருந்து நானே கழுவுகிறேன். இரண்டு வருடம் ஆகிறது. முதல் மூன்று மாதம் செய்ததெல்லாம் தப்பு. அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. வாளியைத் தூக்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

கார் கழுவக் காகிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். டாஷ்போர்டு டிராயரில் பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலில் வண்டியைக் கழுவுவது பற்றி ஒரு பகுதி இருக்கும். எந்த இடத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்கக்கூடாது, ரிவர்ஸ் கேமராவையும் சென்சாரையும் எப்படித் துடைப்பது, மழை பட்டால் தானாக ஓடும் வைப்பரை எப்படி நிறுத்துவது என்றெல்லாம் அதில் இருக்கும். எங்கள் வண்டியின் வாரன்டி புத்தகத்தில், பறவை எச்சம், மரப்பிசின், ரசாயனம் ஆகியவற்றால் பெயின்டுக்கு வரும் கேட்டுக்கு வாரன்டி கிடையாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. உங்களுடையதிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயின்டைக் காக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் அதன் வாரன்டி கார்டை எடுங்கள். கோட்டிங் போட்ட பிறகு எத்தனை நாள் தண்ணீர் படக்கூடாது (பெரும்பாலும் ஒரு வாரம் என்பார்கள்), எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் கடைக்கே கொண்டுவர வேண்டும், எந்த மாதிரி ஷாம்பு போடலாம் என்பது அதில் இருக்கும். ஒரு செக்கப் தவறினாலும் வாரன்டி போச்சு என்று எழுதியிருப்பார்கள். தேதியை போன் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் ஏதாவது ஒரு கதவுக்கோ பம்பருக்கோ மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் அந்த பில்லின் தேதியையும் பாருங்கள். பட்டறைப் பெயின்ட் முழுதாக இறுக நாளாகும். ஒரு மாதம் வரை அந்தப் பகுதியில் வாக்ஸ் (மெழுகுப் பூச்சு) போடாதீர்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

இன்னும் கார் வாங்கவே இல்லை, புக்கிங் மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஷோரூமில் “டெலிவரிக்கு முன்னாடி வண்டியைக் கழுவ வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், நான் பார்த்துக்கறேன்” என்று எழுத்திலேயே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். ஒரே நாளில் இருபது வண்டியை ஒரே துணியில் துடைத்து அனுப்பும் இடத்தில், உங்கள் வண்டியின் முதல் கீறல் சாவி கைக்கு வரும் முன்பே விழுந்துவிடலாம்.

2. வாங்க வேண்டியவை, அதற்கான செலவு

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் ஐம்பது நூறு கூடும் குறையும்.

20 லிட்டர் வாளி இரண்டு, 500 ரூபாய். வாளியின் அடியில் போடும் மண் தடுப்புத் தட்டு 350. கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் 300. ஈரம் துடைக்கப் பெரிய, தடித்த டவல் ஒன்று 500. சின்ன மைக்ரோஃபைபர் துணிகள் நான்கு 400. பி.எச். நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) கார் ஷாம்பு 500 மி.லி. 350. டயருக்குத் தனியாக பிரஷ், மக் 150. மொத்தம் 2,550. நுரை அடிக்கும் இரண்டு லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் இன்னொரு 500. இது கட்டாயமில்லை, ஆனால் நான் இனி அது இல்லாமல் கழுவ மாட்டேன்.

வெளியே ஃபோம் வாஷ் ஒருமுறைக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். ஆறு தடவை வீட்டில் கழுவினால் போட்ட பணம் வந்துவிடும். வாளிக்கு மட்டும் என்றால் ஷாம்பு ஒரு கழுவலுக்கு 25 மி.லி. போதும், ஒரு பாட்டில் இருபது தடவை வரும்.

எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது? வாளியில் பிடிக்கலாம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் டப்பாவே போதும். ஆனால் உள்ளே ஒட்டிக் காய்ந்த பெயின்ட் செதில் ஒன்று மிட்டில் ஏறினால் உப்புத்தாள் மாதிரிதான். சுத்தமாகச் சுரண்டிய பிறகே பயன்படுத்துங்கள். தடுப்புத் தட்டுக்குப் பதில், காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையைக் கவிழ்த்துப் போடலாம். நான் முதலில் அப்படித்தான் செய்தேன், கூடை சமையலறையில் தேடப்படும் வரை.

துணியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய பனியன், வேட்டி, துண்டு எல்லாம் கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் பருத்தித் துணி தட்டையானது. தூசி அதன் மேற்பரப்பிலேயே நின்று, கை போகும் வழியெல்லாம் பெயின்டோடு உரசிக்கொண்டே வரும். மைக்ரோஃபைபரின் நீள இழைகளுக்குள் தூசி புதைந்துகொள்ளும். துணி வாங்கும்போது ஜி.எஸ்.எம். எண்ணைப் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பாருங்கள். சாதாரணத் துடைப்புக்கு 350, 400. ஈரம் உறிஞ்ச 800க்கு மேல். ஓரத்தில் தையல் முரடாக இருந்தால், முத்திரைச் சீட்டு தைத்திருந்தால், அதைக் கத்தரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மஞ்சள் ஸ்பாஞ்சும் வேண்டாம். தட்டையான ஸ்பாஞ்சுக்கும் பெயின்டுக்கும் நடுவில் சிக்கும் மணலுக்குப் போக இடமில்லை.

பாத்திரம் தேய்க்கும் திரவம், துணி சோப்புத்தூள், தலைக்குப் போடும் ஷாம்பு மூன்றையும் நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். பாத்திரத் திரவம் எண்ணெயை எடுக்கவென்றே செய்தது, மேலே இருக்கும் வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். சோப்புத்தூள் காரம், அதோடு கரையாத துகளும் இருக்கும். தலை ஷாம்புவால் பெரிய கேடு வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் கை வழுக்கிக்கொண்டு போகும் அந்த வழவழப்பு அதில் வரவில்லை. வண்டி ஷாம்புவின் பாதி வேலையே அந்த வழவழப்புதான்.

3. தண்ணீர்

சென்னைக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1,400. குடிநீருக்கான இந்தியத் தர அளவே 500தான், வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறார்கள். உப்புத் தண்ணீர் காரின் மேல் காய்ந்தால் அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் பொட்டாகத் தங்கிவிடும். வெயிலில் அப்படியே விட்டால் சுரண்டினாலும் போகாது. 300 ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, ஒருமுறை அளந்து பாருங்கள்.

இதற்கு வழி: கழுவுவதற்கெல்லாம் போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் மெட்ரோ தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர், அல்லது ஏசியில் இருந்து சொட்டுவது. ஏசித் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இருக்காது. எங்கள் வீட்டில் இரவு முழுக்க ஏசி ஓடினால் அரை வாளிக்கு மேல் நிறைகிறது. மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துங்கள் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அந்தத் தண்ணீரில்தான் உப்பு மொத்தமும் சேர்ந்திருக்கும். மாடிப்படி கழுவுங்கள், காருக்கு வேண்டாம்.

ஹோஸ் வைத்திருப்பவர்கள் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் ஓடவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் 300 லிட்டர். நான் சொல்லும் முறையில் 70 லிட்டருக்குள் முடியும். 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு லாரிக்கு நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரை ஊற்றி கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். உங்கள் அடுக்ககச் சங்கத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பார்க்கிங்கில் ஹோஸ் கூடாது, வாளிக்குத் தடையில்லை.

4. நேரமும் இடமும்

காலை ஆறு மணி, அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு. பானெட்டில் புறங்கையை வையுங்கள். சூடு தெரிந்தால் கழுவாதீர்கள். வண்டி ஓட்டி வந்தவுடனும் கூடாது. சூட்டில் ஷாம்பு நீங்கள் அலசும் முன்பே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் தடவை எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. இப்போது ஐம்பது நிமிடம். முதல் முறை அவசர வேலை ஏதும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை இது.

தனி வீடு, தெருவில் கழுவுகிறீர்கள் என்றால் சரிவு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டு வாசல் கோலத்தின் மேல் சோப்புத் தண்ணீர் ஓடினால் அன்றைக்குப் பொழுது விடிந்த மாதிரிதான்.

மரத்தடியும் வேண்டாம். வேப்பமரத்தின் கீழ் நிறுத்திக் கழுவினால் துடைக்கத் துடைக்கப் பூ கொட்டும்.

5. டயரில் தொடங்குங்கள்

வண்டியிலேயே மோசமான அழுக்கு சக்கரத்தில்தான். பிரேக் போடும்போது உதிரும் இரும்புத்தூள் அங்கே கறுப்பாகப் படிந்திருக்கும். மேலே கழுவி முடித்துவிட்டுக் கடைசியில் டயரைத் தேய்த்தால், அந்தத் தண்ணீர் தெறித்துச் சுத்தமான கதவில் படும். அதனால் முதலில் நான்கு சக்கரங்களையும் தனி பிரஷ், தனி மக் வைத்து முடித்துவிட்டு, அந்தச் சாமான்களைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டயர் துணி எந்தக் காரணத்துக்காகவும் பெயின்டுக்கு வரக்கூடாது. நிறத்தில் வேறுபாடு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எங்கள் வீட்டில் சாம்பல் நிறம் டயருக்கு, நீலம் பெயின்டுக்கு.

6. கை படாமல் எவ்வளவு அழுக்கு போகுமோ அவ்வளவையும் போக்குங்கள்

இந்த ஒரு படியைப் பிடித்துக்கொண்டால் மற்றதில் கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை. எல்லோரும் அவசரப்படுவதும் இங்கேதான்.

வண்டியின் மேல் இருப்பது வெறும் தூசி இல்லை, பொடி மணல். கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அது சும்மா உட்கார்ந்திருக்கும் வரை பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. அதன் மேல் துணியை வைத்து இழுத்தால்தான் கோடு விழும். ஆகவே முதலில் கூரையில் தொடங்கி மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மக்கால் விசிறி அடிக்க வேண்டாம். செடிக்கு ஊற்றும் பூவாளி அருமையாக வேலை செய்கிறது, ஒரே சீராக வழிந்து மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 20 லிட்டர் போதும்.

பிறகு ஸ்பிரேயரில் ஷாம்பு கலந்து நுரை அடித்து ஐந்து நிமிடம் விடுங்கள். அப்போது கதவின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வெள்ளை நுரை மெல்ல இறங்கும்போது பழுப்பு நிறமாக மாறும், சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். அந்தப் பழுப்பில் இருக்கும் ஒவ்வொரு துகளும், நுரை இல்லாமல் போயிருந்தால், என் துணியில் ஏறிக் கோடு போட்டிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஏழு மாதமாக வெறும் துணியால் என்ன நடந்திருக்கும் என்று உறைத்தது. நுரை காயும் முன் மறுபடி ஒருமுறை பூவாளி.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் முனையை வண்டியில் இருந்து ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். ஸ்டிக்கர் ஓரம், பெயின்ட் உரிந்த இடம், பி.பி.எஃப். (பெயின்டைக் காக்கும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய விளிம்பு, சென்சார் பக்கம் நேராக அடிக்காதீர்கள். பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குள் தண்ணீர் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

7. இரண்டு வாளி

ஒரு வாளியில் 15 லிட்டர் தண்ணீர், 25 மி.லி. ஷாம்பு. இன்னொன்றில் வெறும் தண்ணீர், அடியில் தடுப்புத் தட்டு.

மிட்டை ஷாம்பு வாளியில் முக்கி, வண்டியில் ஒரு பகுதியைக் கழுவுங்கள். அடுத்து மிட் நேராக ஷாம்பு வாளிக்குப் போகக்கூடாது. வெறும் தண்ணீர் வாளிக்குப் போய், தட்டின் மேல் நன்றாகத் தேய்த்து, மணலை உதறிவிட்டுப் பிழிந்து, அதன் பிறகுதான் ஷாம்பு வாளி. மணல் தட்டுக்குக் கீழே இறங்கித் தங்கிவிடும், கலங்கி மேலே வராது. முடித்ததும் அந்த வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். ஒரு பிடி நறநறப்பு இருக்கும். ஒரே வாளியில் கழுவுகிறவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்ப வண்டியில் பூசுகிறார்கள்.

கூரை முதலில், பிறகு கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி. கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி. அங்கேதான் ரோட்டு மணல் அதிகம். முடிந்தால் அந்தக் கீழ்ப்பகுதிக்கு வேறு மிட். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை அலசுங்கள்.

வட்டமாகத் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். முன்னிருந்து பின்னாக, நேர்க்கோட்டில், மிட்டின் எடையே போதும் என்ற அளவில் இழுங்கள். அழுத்தினால்தான் போகும் என்று ஏதாவது கறை அடம்பிடித்தால் அதை அப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மிட் கை தவறித் தரையில் விழுந்தால்? அலசிவிட்டுத் தொடரலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டுநர் பக்கக் கதவில் இரண்டு அங்குல நீளத்தில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. விழுந்தது விழுந்ததுதான், அன்றைக்கு அதற்கு வேலை முடிந்தது. இன்னொரு துணி கைவசம் வையுங்கள்.

8. கடைசி அலசலும் ஈரம் எடுப்பதும்

நல்ல தண்ணீரை இங்கே ஊற்றுங்கள், மறுபடி மேலிருந்து கீழாக, மெதுவாக. தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் பாதி ஈரம் தானாகவே இறங்கிவிடும்.

உடனே துடையுங்கள். தானாகக் காயட்டும் என்று டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைப் பொட்டு. பெரிய டவலை பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் மெல்ல இழுங்கள். தேய்க்கத் தேவையில்லை, அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரைப் பெயின்டில் இழுக்கிறவர்களைப் பார்க்கிறேன். ரப்பருக்கு அடியில் ஒரு மணல் சிக்கினால் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஒரே கோடு.

கதவுகளையும் டிக்கியையும் திறந்து உள் விளிம்பைச் சின்னத் துணியால் ஒற்றி எடுங்கள். சைடு மிரரில் இருந்தும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருந்தும் கால் மணி நேரத்துக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், இன்னொருமுறை போய்ப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக நான்கைந்து முறை பிரேக் பிடியுங்கள். டிஸ்க்கில் இருக்கும் ஈரம் போய்விடும். கழுவி அப்படியே நிறுத்தினால் மறுநாள் காலை டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்து, முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு பிரேக்கில் போய்விடும்.

வெள்ளைப் பொட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டதா? வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியை நனைத்து, பொட்டின் மேல் ஒரு நிமிடம் ஒற்றிவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் செய்யாதீர்கள். நாள்பட்டதாக இருந்தால் இதற்கு மசியாது, பாலிஷ்தான்.

9. எச்சம், ஈசல், சந்தனம்

காக்கை, புறா எச்சத்தில் அமிலம் இருக்கிறது. மதிய வெயிலில் கிளியர் கோட் சூட்டில் இளகும், எச்சம் அதன்மேல் இறுகும். மாலை வெப்பம் தணியும்போது அந்த வடிவம் அப்படியே பதிந்து நிற்கும். பெட்ரோல் மூடிக்கு மேல் எங்கள் வண்டியில் அப்படி ஒரு வரைபடம் இருக்கிறது. வார இறுதியில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டது. எச்சத்தை மட்டும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். டிஷ்யூவை நனைத்து மேலே போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கிள்ளி எடுப்பதுபோல் தூக்குங்கள். தேய்க்காதீர்கள், அதற்குள் மண்ணும் விதையும் இருக்கும். இதற்காகவே வண்டிக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் வைத்திருக்கிறேன்.

மழைக்குப் பின் இரவில் நெடுஞ்சாலையில் வந்தால் பம்பர் முழுக்க ஈசல். அதற்கும் ஊறவைப்பதுதான். ஈரத் துணியை கால் மணி நேரம் பம்பரில் ஒட்டவைத்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். தார்ப் பொட்டுக்கு மண்ணெண்ணெய் போடச்சொல்வார்கள். ரப்பர் பட்டைகளுக்கு அது ஆகாது. தார் எடுப்பதற்கென்றே திரவம் விற்கிறது, சின்ன பாட்டில் பல வருடம் வரும்.

ஆயுத பூஜைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தனம் குழைத்து பானெட்டில் மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைக்கும்போது யாருக்கும் பெயின்ட் நினைவு வராது. காய்ந்த சந்தனம் நைஸ் உப்புத்தாள். மறுநாள் அதைச் சுரண்டி எடுத்தால் பட்டை இருந்த இடத்தில் பட்டையாகவே கீறல். வெள்ளை வண்டியில் குங்குமத்தின் சாயம் இளஞ்சிவப்பாகத் தங்கும். போன வருடம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“பானெட்ல வேணாம்மா, முன்னாடி கண்ணாடியில வையேன்.”

“சாமிக்கு வைக்கிறதுல என்னடா கீறல் வந்துடப்போகுது?”

பிறகு கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைப்பதாக உடன்பாடு ஆனது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. பானெட்டில்தான் வைப்போம் என்கிற வீடாக இருந்தால் அன்று இரவே ஈரத் துணி போட்டு ஊறவைத்து, தண்ணீர் ஊற்றி வழியவிட்டு எடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் முன் கிரில்லில் கட்டுங்கள். காற்றில் ஆடும் மாலையின் கம்பி முனை பானெட்டில் வரைந்துகொண்டே வரும்.

10. தினமும் துடைக்க வருபவரிடம் பேசுங்கள்

நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கழுவினாலும், மறுநாள் காலை ஐந்தரைக்கு ஒரே துணியால் பன்னிரண்டு வண்டியைத் துடைக்கிறவர் வந்துவிட்டுப் போனால் எல்லாம் வீண். அவர் மேல் தப்பில்லை. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம், ஒரு வாளித் தண்ணீர், அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

நான் முதலில் “இனிமே துடைக்க வேணாம்ணே” என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “ஏன் சார், வேலை சரியில்லையா?” பிறகு போன் டார்ச்சை பானெட்டில் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “கறுப்பு வண்டின்னாலே இப்படித்தான் சார்” என்றார். கறுப்பில் தெரிகிறது, வெள்ளையில் தெரியவில்லை. விழுவது இரண்டிலும் ஒன்றுதான். இப்போது அதே 600 ரூபாய்க்கு அவர் கண்ணாடிகள், டயர், உள்ளே மேட் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறார். பெயின்டில் கை வைப்பதில்லை. காசைக் குறைக்கப் பார்க்காதீர்கள். குறைத்தால் அவர் வரமாட்டார், உங்கள் பழைய பனியன் திரும்பி வரும்.

இதே கணக்கில் சேரும் இன்னும் சில: டிக்கியில் கிடக்கும் நூல் டஸ்டர், சிக்னலில் ஓடிவந்து துடைக்கும் துணி, தூசியோடு மாட்டும் கார் கவர். காற்றில் கவர் அசைய அசைய அதுவே நாள் முழுக்கத் தேய்க்கும். கழுவிய வண்டிக்கு மட்டும் கவர் போடுங்கள். மார்கழிப் பனியும் ஏமாற்றும். வண்டி நனைந்திருக்கிறதே, ஒரு துடை துடைத்தால் சுத்தமாகிவிடும் என்று தோன்றும். பனி தூசியை நனைக்கும், கழுவிக்கொண்டு போகாது. அது சேறு, துடைத்தால் கீறும்.

தண்ணீர் இல்லாத வாரங்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் கிடைக்கிறது. ஒரு பங்குக்குச் சுமார் 250 பங்கு தண்ணீர் கலந்து, ஒரே வாளியில் ஏழெட்டுத் துணிகளை ஊறவைத்து, துணியின் ஒவ்வொரு மடிப்பையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் துடைக்க வேண்டும். அலசத் தேவையில்லை. லேசான தூசிக்குச் சரி. மழையில் ஓடிச் சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது.

11. துணிகளைத் துவைப்பது

கழுவி முடித்த களைப்பில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் திணித்துவிட்டுப் போய்விடுவோம். மிட்டையும் துணியையும் அன்றே தனியாகத் துவையுங்கள். வீட்டுத் துணியோடு போடாதீர்கள், துண்டின் நூல்பஞ்சு மைக்ரோஃபைபரில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது. கம்ஃபர்ட் வகை வாசனைத் திரவமும் வேண்டாம், அது இழைகளை அடைத்து உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். கொஞ்சம் திரவ சோப்பு, சாதாரணத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். மொட்டை மாடிக் கொடியில் போடுகிறவர்கள் இறக்கும்போது நன்றாக உதறுங்கள், காற்றில் வந்த மணல் ஒட்டியிருக்கும்.

காய்ந்ததும் பெயின்ட் துணியையும் டயர் துணியையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, மேலே மார்க்கரால் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். எங்கள் நீல டவல் ஒருமுறை அடுப்பு மேடை துடைக்கப் போய்விட்டு, ரவைத் துகளோடு திரும்பி வந்தது. இப்போது அது டயர் கவரில் இருக்கிறது.